லாரி நின்ற ஏழு மணி நேரம்

மே மாதம், கத்திரி தொடங்கி ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. நான் கால்நடை மருத்துவர். காலை எட்டரை மணிக்கு ஓர் ஏட்டு என் கைபேசிக்கு அழைத்தார். "மேடம், ஆட்டு லாரி ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்கோம். டாக்டர் சர்டிபிகேட் வேணும். வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடுங்க." எப்போது பிடித்தீர்கள் என்று கேட்டேன். "விடியக்காலை ஆறு மணி இருக்கும்." ஆடுகளை இறக்கியாயிற்றா என்றேன். "இன்னும் இல்ல மேடம். கேஸ் எழுதிட்டிருக்கோம்."

லாரியில் 192 செம்மறிகள் இருந்தன. அவற்றில் 34 லாரிக்குள்ளேயே இறந்தன. அடுத்த ஆறு நாளில் இன்னும் 5 போயின. பதினான்கு மணி நேர ஓட்டத்தில் செத்ததை விட, நாம் பிடித்து நிறுத்திய பிறகு செத்ததுதான் அதிகம் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை, என் பங்கில் நேர்ந்த தாமதத்தையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் காவல் நிலையம், லாரி, வியாபாரி, ஓட்டுநர் யாரையும் அடையாளம் காட்டவில்லை. சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டிக்கும் புழலுக்கும் நடுவில் எங்கோ நடந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லாரியும் அதன் கணக்கும்

சென்னையின் ஆட்டுத்தொட்டிகளுக்கு, அதாவது ஆடு அறுக்கும் கூடங்களுக்கு, ஆந்திரா, தெலங்கானா பக்கமிருந்து வரும் ஆட்டு லாரிகள் நெல்லூர், சூலூர்பேட்டை, தடா தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில்தான் ஊருக்குள் நுழைகின்றன. பெரம்பூர், வில்லிவாக்கம், சைதாப்பேட்டை என்று ஒவ்வொரு தொட்டிக்கும் விடிவதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். அதனால் ஓட்டமெல்லாம் இரவில். அதில் ஒரு நன்மை உண்டு, இரவில் வெயில் இல்லை. இந்த லாரியும் விடிவதற்குள் போய்விட்டிருக்க வேண்டியதுதான். பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரர், பலகை இடுக்கில் ஒரு கால் தொங்குவதைப் பார்த்து நூறுக்கு அழைத்தார். அவர் செய்தது சரி. அதில் எனக்குக் கடுகளவும் மாற்றுக் கருத்து இல்லை.

லாரியின் உள்தளம் இருபதடி நீளம், ஏழடி அகலம். பாதி உயரத்தில் பலகை அடித்து இரண்டு அடுக்கு ஆக்கியிருந்தார்கள். மேலே கறுப்புத் தார்ப்பாய். கீழடுக்கில் நின்ற ஆடு தலையை நிமிர்த்தினால் மேல்பலகை இடிக்கும். மேலே நின்றவற்றின் சிறுநீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே நின்றவற்றின் முதுகில் ஒழுகியிருந்தது. அந்தக் காரநெடி பத்தடி தள்ளி நின்ற எனக்கே கண்ணைக் கரித்தது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125இ என்று ஒரு விதி இருக்கிறது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் வேண்டும், நிலையான தடுப்புகள் வேண்டும். இந்த லாரியின் ஓர் அடுக்கு ஏறத்தாழ 13 சதுர மீட்டர், அதாவது 43 ஆடு. இரண்டு அடுக்கையும் ஒப்புக்கொண்டாலும் 86. இதற்கு முந்தைய 1978 விலங்குப் போக்குவரத்து விதிகள் இன்னும் கறாரானவை: நாலரை, ஐந்து டன் லாரியில் 40 செம்மறி அல்லது வெள்ளாட்டுக்கு மேல் கூடாது. ஏற்றியதோ 192. ஓர் ஆட்டுக்குக் கிடைத்த இடம் 0.135 சதுர மீட்டர், நாளிதழின் ஒரு பக்கத்தை விடக் குறைவு. ஓட்டுநரிடம் இருந்த கால்நடை மருத்துவர் சான்றில் 80 என்று எழுதியிருந்தது. தேதி இரண்டு நாள் பழையது.

வழியில் எந்தச் சுங்கச்சாவடியும் இந்த லாரியைத் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று யோசித்தேன். ஓர் ஆடு சராசரியாக 25 கிலோ என்றால் 192 ஆடு 4,800 கிலோ. அந்த லாரி அதைப்போல இரு மடங்கு சிமெண்ட்டைச் சாதாரணமாகச் சுமக்கும். ஆகவே எடை மேடையில் ஏறி நின்றாலும் அது ஒழுங்கான வண்டிதான். உயிருள்ள சரக்கின் நெருக்கத்தை எடை காட்டாது. கதவைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பிற சரக்கு லாரிகளுக்குப் பழகிய சோதனை முறை ஆட்டு லாரிக்குப் பயன்படாததற்கு இதுதான் காரணம்.

ஒன்பதே கால்

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே கால். நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், கிழக்கே முகம் காட்டி, முழு வெயிலில் லாரி நின்றது. தார்ப்பாய் கட்டியது கட்டியபடி இருந்தது. காலை 5.50-க்கு நிறுத்தியபோது டார்ச் அடித்துப் பார்த்து, இறந்தவை ஆறு என்று ஒரு பெண் காவலர் நோட்டில் குறித்து வைத்திருந்தார். நான் சுற்றி வந்து பலகை இடுக்குகளில் எண்ணியபோது பதினொன்று.

பின்பக்கப் பலகை இடுக்கில் ஒரு கறுப்பு மறியாடு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தக்காணி இனம், முரட்டுக் கம்பளி. அதன் விலாவைப் பார்த்தபடி கைக்கடிகாரத்தைப் பிடித்தேன். பதினைந்து நொடியில் 52 மூச்சு, நிமிடத்துக்கு இருநூறைத் தாண்டுகிறது. நிழலில் நிம்மதியாக நிற்கும் செம்மறி நிமிடத்துக்கு இருபது, முப்பது முறைதான் மூச்சு விடும். வாய் இன்னும் மூடியிருந்தது. அது ஒரு நம்பிக்கை. இரைப்பில் வாய் பிளந்து நாக்கு வெளியே விழுந்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். பலகை இடுக்கில் கையை நுழைத்து, பக்கத்தில் திரும்பி நின்ற ஒன்றின் ஆசனவாயில் வெப்பமானி வைத்தேன். 41.8. இயல்பாக 39-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எட்டிய நான்கு ஆடுகளின் நெற்றியில், காயத்துக்குப் போடும் ஊதா மருந்தைத் தடவி அடையாளம் வைத்தேன். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்றுதான் அதைச் செய்தேன். என் வாதத்துக்கே அது ஆதாரமாகப் போகிறது என்று அப்போது நினைக்கவில்லை.

செம்மறிக்கு நம்மைப் போல வியர்த்துக் குளிர்ச்சி தேடும் வசதி குறைவு. மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டு, மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைத் தணிக்கும். காற்று உலர்ந்திருந்தால் அது நடக்கும். பக்கத்து ஆடு விட்ட மூச்சும், தரையில் கிடக்கும் சிறுநீரும், சென்னைக் காலையின் புழுக்கமும் சேர்ந்து காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. இரைப்பதே ஓர் உழைப்பு, அதுவும் சூட்டைக் கூட்டும். போதாக்குறைக்கு அசைபோடும் பிராணியின் பெருவயிறு நொதித்துக்கொண்டே இருக்கும் அடுப்பு. லாரி ஓடும்போது அறுபது கிலோமீட்டர் வேகக் காற்று இந்தச் சூட்டையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு போகிறது. நின்றதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. கீழடுக்கின் நடுப்பகுதியில் நிலைமை அரை மணி நேரத்திலேயே மாறிவிடும்.

இதை எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார், ஓட்டுநர். விடியற்காலை பிடிபட்டதும், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக, "நிறுத்தினா செத்துடும் சார், எங்கயாவது இறக்கிடலாம், இல்லனா வண்டிய ஓட்டிக்கிட்டே இருக்க விடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்து உட்கார வைத்துவிட்டார்கள். அப்படி நினைத்ததில் வியப்பில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் பேச்சை யார் கேட்பார்கள்? ஆனால் அந்த நேரத்தில், அந்த இடத்தில், ஆடுகளைப் பற்றிச் சரியான தகவல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முதல்நாள் மாலை நான்கு மணிக்கு ஏற்றியதிலிருந்து டீசல் போடவும் சுங்கத்துக்கும் தவிர எங்கும் நிறுத்தவில்லை என்றார். நிறுத்தாததால் காற்று கிடைத்தது. நிறுத்தாததால் தண்ணீர் கிடைக்கவில்லை. இவ்வளவு நெருக்கமாக ஏற்றிய பிறகு இந்த இரண்டில் ஒன்றைத்தான் அவரால் தேர்ந்தெடுக்க முடியும். அந்த நிலைமையை உண்டாக்கியவர் அவர் இல்லை, ஏற்றச் சொன்னவர். அந்த ஆள் அன்று அங்கே இல்லை.

எங்கே இறக்குவது

உடனே இறக்க வேண்டும் என்றேன். நிலையத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. ஆடுகள் வழக்குச் சொத்து. இறக்கினால் ஒன்றிரண்டு காணாமல் போகும், அப்புறம் யார் பதில் சொல்வது? எண்ணிக்கை எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, நீதிபதியிடம் உத்தரவு வாங்கிய பிறகு இறக்கலாம். இறக்குவது என்றாலும் எங்கே இறக்குவது? நிலையத்தில் இருப்பது பத்து மோட்டார் சைக்கிள் நிறுத்தும் முற்றம்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றை எழுத வேண்டும். எண்ணிக்கை இல்லாமல் இறக்க மாட்டார்கள் என்பதால், இறக்குவதற்கு முன்பே எண்ணிவிடலாம் என்று நானும் தாளை எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் லாரியைச் சுற்றினேன். இரண்டு அடுக்கில் நெருக்கி அடைத்த ஆடுகளை வெளியிலிருந்து எண்ண முடியாது. முடியாது என்பது எனக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அந்த நாற்பது நிமிடத்தில் தார்ப்பாயை அவிழ்த்து, வண்டியை எதிர்ப்புற வேப்பமர நிழலுக்கு நகர்த்தி, பின்கதவைத் திறந்து மேலடுக்கைக் குறைத்திருந்தால் கீழடுக்குக்கு மூச்சு கிடைத்திருக்கும். தார்ப்பாயை அவிழ்த்ததே பத்து மணிக்கு.

தெருக்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஓர் அம்மா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். பையன்கள் வாளியோடு ஏறி மேலடுக்கில் ஊற்றினார்கள். அந்த மனசுக்குக் கைகூப்ப வேண்டும். ஆனால் தண்ணீர் மேலடுக்கிலிருந்து வழிந்து, கீழே இருந்த புழுக்கையைச் சேறாக்கியது. ஏற்கெனவே நிற்க முடியாமல் நின்றவை அதில் வழுக்கி விழுந்தன. அந்த நெருக்கத்தில் விழுந்த ஆடு எழவே முடியாது, மேலே மற்றவை மிதித்து நிற்கும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஊற்றும் தண்ணீர் புழுக்கத்தைத்தான் கூட்டும். நிறுத்தச் சொன்னபோது அந்த அம்மா என்னைக் கோபமாகப் பார்த்தார். "வாயில்லா ஜீவனுக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்றியே, நீயெல்லாம் டாக்டரா?" என்றார். விளக்க நேரமில்லை. குடத்து நீரைச் சட்டியில் ஊற்றி இடுக்கு வழியாக நீட்டச் சொன்னேன். எட்டியவை குடித்தன.

இடம் தேடிப் பத்துப் பதினைந்து அழைப்புகள் செய்தேன். ஒரு கோசாலையில் மாடு மட்டும்தான் என்றார்கள். ஒரு தங்குமிடத்தில் நாய்களுக்கே இடமில்லை. ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அவர் மறுத்தார். "எந்தூரு ஆடோ, என்னா நோவோ. ஆட்டுக்கொல்லி வந்துச்சின்னா என் பட்டியே காலி டாக்டரம்மா" என்றார். முழுக்க நியாயம். வெளிமாநிலத்துச் சந்தையில் பல மந்தைகள் கலந்து, பட்டினியிலும் அலைச்சலிலும் எதிர்ப்புச் சக்தி இழந்து வரும் ஆடுகளை ஒரு நல்ல மந்தைக்குள் விடுவது, அந்த மந்தையைக் கொல்வதற்குச் சமம்.

கடைசியில் வழி சொன்னவர், காலையில் டார்ச் அடித்து எண்ணிய அந்தப் பெண் காவலர். "எங்க மாமா செங்குன்றத்துல ரைஸ் மில்லுல வேலை செய்யறாரு மேடம். களம் இப்ப சும்மாதான் கெடக்கு. கேட்டுப் பாக்கவா?" செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம், நாலு பக்கமும் மதில், ஓரத்தில் தகரக் கொட்டகை, ஆழ்துளைக் கிணறு, ஒரே ஒரு வாயில். ஆட்டைப் பாதுகாக்க இதை விட நல்ல அமைப்பு வேண்டியதில்லை. ஆலைக்காரர் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆய்வாளர் தொலைபேசியில் மேலதிகாரியிடம் பேசி, நீதிபதிக்கு அறிக்கை அனுப்பி, ஒருவழியாக வண்டி கிளம்பியபோது மணி பன்னிரண்டே கால். களத்தில் நிழலில் 39 டிகிரி. மேல்காற்று அனலாக அடித்தது. கடல்காற்று அன்று ஒரு மணிக்கு மேல்தான் உள்ளே வந்தது.

லாரியின் தளம் நாலடி உயரம். சாய்வுப் பலகை கிடையாது. தொட்டிகளில் மண்மேட்டில் வண்டியைப் பின்னால் ஒட்டி இறக்குவார்கள், இல்லாவிட்டால் காலைப் பிடித்துத் தூக்கி வீசுவார்கள். ஆலையில் உமி மூட்டைகள் இருந்தன. அவற்றைப் படிபோல அடுக்கி, மேலே இரண்டு பலகையைப் போட்டு, சாக்கை விரித்தோம். சாய்வு இருபது டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன், செங்குத்தாக இருந்தால் ஆடு கால் வைக்காது. பட்டியில் விட மறுத்த பெரியவர் இதற்குள் மோப்பெட்டில் வந்து நின்றார். பையன்கள் கொம்பையும் காதையும் பிடித்து இழுப்பதைப் பார்த்ததும் சத்தம் போட்டார். "இழுக்காதீங்கடா! முன்னாடி ஒண்ண நடத்துங்க. மத்ததுங்க தன்னால வரும்." நடக்கும் நிலையில் இருந்த ஒரு கிடாவைத் தாடையில் கைகொடுத்து மெதுவாக இறக்கி, பலகையடியில் நிறுத்தினார். பின்னால் இருந்தவை தயங்கின, மோந்தன, இறங்கின. மேலடுக்கு இருபது நிமிடத்தில் காலியாயிற்று.

கீழடுக்கைத் திறந்தபோது யாரும் பேசவில்லை.

இறந்தவை சொன்னது

34 உடல்களையும் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாகக் கிடத்தினோம். பன்னிரண்டை அறுத்துப் பார்த்தேன், மற்றவற்றை வெளிப்பார்வையாகச் சோதித்தேன். எட்டு உடல்கள் இரவிலேயே இறந்தவை: வயிறு உப்பி, விழி மங்கி, அடிவயிற்றுத் தோல் பச்சை பூத்திருந்தது. மீதி 26-இல் விழி தெளிவாக இருந்தது, வயிறு ஊதவில்லை. அந்த வெயிலில் ஓர் உடல் ஆறேழு மணி நேரம் அப்படி இருக்காது. அறுத்தவற்றில் நுரையீரல் கருஞ்சிவப்பாக ரத்தம் தேங்கி, இதயத்தின் மேல் குண்டூசி முனையளவு ரத்தப் புள்ளிகள் இருந்தன. மூச்சுக்குழாயில் நுரை. பெருவயிற்றில் இருந்தது காய்ந்து உருண்டை கட்டியிருந்தது. சூட்டிலும் மூச்சுத் திணறலிலும் இறந்ததற்கான அடையாளங்கள் இவை.

இவற்றை விட எனக்கு முக்கியமானது ஊதா மருந்து. ஒன்பதரைக்கு உயிரோடு இருந்து நான் அடையாளமிட்ட நான்கில் மூன்று அந்த வரிசையில் கிடந்தன. மூக்கை நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு மறியாடும் அதில் ஒன்று.

காலை டார்ச் வெளிச்சத்தில் ஆறு, ஒன்பதே காலுக்குப் பதினொன்று, ஒன்றரைக்கு முப்பத்துநான்கு. உள்ளே மறைந்திருந்தவற்றை முதல் இரண்டு கணக்கும் காட்டாது என்பது உண்மை. அதனால்தான் உடல்களைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இருபதுக்கும் மேற்பட்டவை லாரி நின்ற நேரத்தில் இறந்தவை. காவல் நிலையப் பதிவில் 34-ம் "வழியிலேயே இறந்தவை" என்று இருக்கிறது. என் அறிக்கையில் நான் அப்படி எழுதவில்லை. அதற்காக ஏற்றியவர்களின் குற்றம் ஓர் இம்மி கூடக் குறையாது. 86 ஆடு இருந்திருந்தால் ஏழு மணி நேரத்தையும் பெரும்பாலானவை தாங்கியிருக்கும்.

பிழைத்தவை

உயிரோடு இறங்கியவை 158. முதலில் நிழல், பிறகு தண்ணீர். தாகத்தில் இருக்கும் மந்தைக்கு ஒரே தொட்டியில் தண்ணீர் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அங்கேயும் சாகும். ஆலையின் அண்டா, தொட்டி, பாதியாக வெட்டிய டிரம் எல்லாவற்றையும் களத்தில் பரப்பி, கொஞ்சம் உப்பும் வெல்லமும் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றினோம். படுத்துக் கிடந்த பதினேழுக்கு ஊசிவழித் திரவம் கொடுத்து, கழுத்திலும் தொடையிடுக்கிலும் நனைத்து, ஆலையின் பெரிய மின்விசிறியை எதிரே வைத்தோம். காற்றோடு சேரும்போதுதான் தண்ணீர் மருந்து.

அடுத்த ஆபத்து அன்பிலிருந்து வந்தது. ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மூட்டை நொய்யைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாவம், பட்டினி கிடந்த பிராணிகள் என்று. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்கள் எல்லாருக்கும் வரும் அழைப்பு எனக்கு நினைவுக்கு வந்தது: பொங்கலை ஆசையாக ஊட்டி, வயிறு புளித்துச் சாய்ந்த மாடு. பட்டினிக்குப் பின் மாவுப்பொருள் திடீரென்று உள்ளே போனால் பெருவயிற்றில் அமிலம் பொங்கி ஒரே நாளில் கொல்லும். முதல் நாள் வைக்கோலும் கடலைக்கொடியும் மட்டும், மறுநாள் பசுந்தீவனம் என்று வைத்தோம். நொய் மூட்டை திரும்பிப் போனது. அவர்களுக்கு மனசே இல்லை.

நான்காம் நாள் பத்துப் பன்னிரண்டு ஆடுகளுக்குக் காய்ச்சலும் மூக்குச் சளியும். ஆட்டுக்கொல்லியோ என்று இரவு தூக்கம் வரவில்லை. வாயில் புண் இல்லை, கழிச்சல் இல்லை. நீண்ட பயணத்துக்குப் பின் வரும் நுரையீரல் அழற்சிதான். தொண்டையில் எப்போதும் சாதுவாக இருக்கும் பாஸ்டுரெல்லா வகைக் கிருமிகள், உடல் நொடித்த நேரம் பார்த்து நுரையீரலுக்குள் இறங்கும். பிரித்து வைத்து ஆக்ஸிடெட்ராசைக்ளின் போட்டோம். ஐந்து போயின, மற்றவை தேறின. 153.

யார் செலவு

சட்டம் இந்த ஊரோடு தொடர்புள்ளது. 1960-இன் பிராணிவதைத் தடைச் சட்டத்துக்கு வித்திட்டது, மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா. அச்சட்டத்தின்படி அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் 2018-இல் ஹரியானாவுக்கு மாறும் வரை சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தேவையற்ற வேதனை தரும்படி விலங்கை ஏற்றிச் செல்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கான அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். பல பத்தாண்டுகளாக இந்தத் தொகை அப்படியே நிற்கிறது. ஒரு கிலோ ஆட்டுக்கறி விற்கும் விலையில் இது யாரைத் தடுக்கும்? வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்தத் தொகையை மாற்றாதது வெட்கக்கேடு.

கையில் இருக்கும் உருப்படியான ஆயுதம் 2017-இல் வந்த வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகள். வழக்கு முடியும் வரை லாரியைப் பிணையாக வைத்துக்கொள்ளலாம். லாரி உரிமையாளர், அனுப்பியவர், பெறுபவர், ஏற்றிச் சென்றவர் எல்லாரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பராமரிப்புச் செலவுக்குப் பொறுப்பு. இந்த வழக்கில் மூன்றாம் நாள் அப்படி ஓர் இடைக்கால உத்தரவு கிடைத்தது. தீவனம், மருந்து, கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்ததால் கிடைத்தது. லாரி திரும்ப வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும் என்றதும், அதுவரை கண்ணில் படாத வியாபாரி வழக்கறிஞரோடு வந்து நின்றார். ஐம்பது ரூபாய்க்கு வராதவர் லாரிக்கு வந்தார்.

ஆடுகளை உயிரோடு இவ்வளவு தூரம் கொண்டுவரவே வேண்டுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். வளர்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அறுத்து, குளிரூட்டிய வண்டியில் இறைச்சியாகக் கொண்டுவந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் சென்னைக்காரர்களுக்குக் கடையில் தொங்கும் ஆட்டைப் பார்த்து, கண்ணெதிரே வெட்டி வாங்கினால்தான் திருப்தி. 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த இறைச்சி பிடிபட்டபோது, வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறி என்று ஊரே கொந்தளித்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்து ஆட்டிறைச்சி என்று சொன்ன பிறகும் பிரியாணிக் கடைகளில் பல நாள் கூட்டம் குறைந்திருந்தது. நல்ல குளிர்வசதியும் முறையான முத்திரையும் வந்து அந்த அச்சம் போக வருடங்கள் ஆகும். அதுவரை லாரிகள் வரும்.

அதன் பிறகு

ஆய்வாளர் என்னோடு முதலில் சண்டை போட்டார், பிறகு உட்கார்ந்து பேசினார். இப்போது அந்தச் சரகத்தில் வரிசை மாறியிருக்கிறது. ஆட்டு லாரி பிடிபட்டால் நிலையத்துக்குக் கொண்டுவருவதில்லை, நேராக ஆலைக்களத்துக்கு. போகும் வழியிலேயே எனக்கு அழைப்பு வருகிறது. தார்ப்பாயை நின்ற இடத்திலேயே அவிழ்க்கிறார்கள். எண்ணிக்கை இறக்கும்போது, ஒரு காவலர் கைபேசியில் படம் பிடிக்க, பலகையில் ஒவ்வோர் ஆடாக நடந்து வரும்போது நடக்கிறது. முதுகில் பெயிண்ட் புள்ளி. இந்த எண்ணிக்கையில் தப்பே வராது. பழைய முறையில் யாரும் சரியாக எண்ணியதே இல்லை. ஆலைக்காரரிடம் ஒப்புதல் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறோம். பட்டறை ஒன்றில் இரும்புச் சட்டம் வைத்துச் சாய்வுப் பலகையும் செய்தாயிற்று. குறுக்கே அரையடிக்கு ஒரு சட்டம், குளம்பு பிடிக்க.

ஆவணியில் இன்னொரு லாரி வந்தது. 118 ஆடு. நின்றதிலிருந்து கடைசி ஆடு இறங்கும் வரை ஐம்பத்தைந்து நிமிடம். இரண்டு ஏற்கெனவே இறந்திருந்தன, அதற்கு மேல் ஒன்றும் சாகவில்லை. அந்த ஓட்டுநரை முதலில் கேட்டோம்: எப்போது ஏற்றினீர்கள், எங்கே தண்ணீர் காட்டினீர்கள், எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறது? மூன்றுக்கும் பதில் சொன்னார்.

தை பிறந்தால் சம்பா நெல் வரத் தொடங்கும். மாசி முடியும் வரை களம் முழுக்க நெல். அந்த இரண்டு மாதத்துக்கு ஆடு இறக்க வேறு இடம் வேண்டும். மதிலும் தண்ணீரும் உள்ள, பயன்பாட்டில் இல்லாத ஒரு கிடங்கைப் புழல் பக்கம் பார்த்து வைத்திருக்கிறேன். கூரைத் தகரம் பாதி பெயர்ந்திருக்கிறது. உரிமையாளரைப் பார்க்க அடுத்த வாரம் அந்தப் பெண் காவலரும் நானும் போகிறோம்.